இருநூறு கிராம் சாட்சி!

போன் அலறியது.

திருத்தங்கல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த தன் கேமரா கடையில், ஒரு கல்யாண ஆல்பத்துக்குத் தாள் சுற்றிக்கொண்டிருந்தாள் மாரிச்செல்வி. செல்லைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

"ஹலோ... யாரு பேசுறீக?"

"இன்ஸ்பெக்டர் கற்பகவல்லி. கடை உங்களோடதுதானே?"

"ஆமா மேடம்..."

"ஒன்பது நாளைக்கு முன்னாடி ஊர்க்காவலன்னு ஒருத்தருக்கு ட்ரோன் வித்திருக்கீங்க. பில் அவர் சட்டைப் பையில இருக்கு."

"லோடு ஆட்டோ ஓட்டுற அண்ணாச்சி. ஏன் மேடம், மெஷின்ல எதும் கோளாறா?"

"மெஷின் ரெக்கை ஒடஞ்சு கெடக்கு. பக்கத்துல அவரும் கெடக்காரு. எம்.புதுப்பட்டி தாண்டி, பழைய கல்குவாரியில... அறுபதடிப் பள்ளத்துல!"

ஆல்பம் கையிலிருந்து நழுவியது.

"உசுரு...?"

"இல்ல. ஆடு மேய்க்கிற அம்மா பாத்துட்டுச் சொன்னாங்க. நீங்க உடனே ஸ்டேஷனுக்கு வாங்க. உங்க லேப்டாப்பையும் எடுத்துட்டு வாங்க!"

மாரிச்செல்வி ஷட்டரை இழுத்து விட்டாள். பூட்டுவதற்குள் சாவி இரண்டு தடவை தரையில் விழுந்தது.

அந்த மனுசன் ஒன்பது நாளைக்கு முன்பு இதே வாசலில்தான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்...

"ட்ரோன் வேணும் தாயி. மேல இருந்து படம் புடிக்கணும். வெலை சல்லிசா இருக்கணும். இதுக்கு முந்தி நான் காத்தாடி கூட விட்டதில்ல!"

ஐம்பது வயது. காக்கிச் சட்டை. கூடவே கட்டம் போட்ட சட்டையில் அவருடைய மச்சினன் சோலைமலை.

கண்ணாடி அலமாரியைச் சுட்டிக் காட்டினான் சோலைமலை. "அந்த அஞ்சாயிர ரூவா ஐட்டத்தையே குடுத்துருங்கக்கா. கோயில் கொடையைப் படம் புடிக்கத்தான... அம்புட்டுக்கு அது போதும்."

"அது வெளையாட்டுச் சாமான்" என்றாள் மாரிச்செல்வி. "ஜிபிஎஸ் கெடையாது. படத்துல சாமி எது, சப்பரம் எதுன்னு தெரியாது. ஆவணிக் காத்து ஒரு வீசு வீசுச்சுன்னா அடுத்த ஸ்டாப் ராஜபாளையம்தான்!"

ஊர்க்காவலன் சிரித்தார்.

"அப்ப எதுதான் நல்லது?"

அவள் வேறொன்றை எடுத்து வைத்தாள். உள்ளங்கை அகலம். சாம்பல் நிறம்.

"இது இருநூறு கிராம். இருநூத்தம்பதுக்குள்ள இருக்கதால பைலட் லைசென்ஸ் வேண்டாம். ரெக்கையைச் சுத்திக் கூடு இருக்கு, எதுலயாவது இடிச்சாலும் தாங்கும். பேட்டரி கொறஞ்சா கெளம்புன எடத்துக்கே தானா திரும்பிரும். புதுசாப் பழகுறவுகளுக்கு இதான் சரி. ஆனா வெலை நாலு மடங்கு."

"நாலு மடங்கா!" சோலைமலை முகம் சுளித்தான். "வேண்டாம் மச்சான். அஞ்சாயிரமே போதும்."

அதற்குள் அவன் செல் அடித்தது. பேசியபடியே வெளியே போனான்.

ஊர்க்காவலன் மேசை மீது குனிந்தார். குரல் சட்டென்று இறங்கியது.

"தாயி... இது கீழ விழுமா?"

"பாத்து ஓட்டுனா விழாது அண்ணாச்சி."

"அப்படிச் சொல்லப்படாது. விழவே கூடாது. அடியில நாப்பது பொம்பளைக இருப்பாக... வெடிமருந்தோட!"

மாரிச்செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கோயில் கொடைன்னீக?"

"அது சும்மா. போன வருசம் எம்.புதுப்பட்டியில இராமகிருஷ்ணன் பட்டாசுக் கம்பெனி வெடிச்சுதே... எம் பொண்டாட்டி முத்துப்பேச்சிக்கு ரெண்டு கையும் வெந்து போச்சு. கம்பெனிக்கு சீல் வச்சாக. இப்பப் பின்பக்கமாத் தொறந்து வேலை நடக்கு. நாலு பேர் இருக்க வேண்டிய ஷெட்டுல பத்துப் பேரு! மூணு தடவ மனு குடுத்தேன். ஆபீசர்க வந்து பாத்தா ஷெட்டு காலி. எவனோ முன்கூட்டியே தாக்கல் சொல்லிர்றான்."

"அண்ணாச்சி, கம்பெனிக்கு மேல பறக்கவே விடாதீக! இந்தப் பேட்டரி ஒரு ஷெட்டு மேல விழுந்தாப் போதும்..."

"தெரியும் தாயி. வேலிக்கு வெளிய, குவாரி மேட்டுல நின்னு எட்டத்துல இருந்தே எடுக்கேன். ஒரு வாரம் கண்மாயில பழகிட்டுத்தான் போவேன். அஞ்சாயிர ரூவா சாமானை நம்பி அந்தப் பொம்பளைக உசுரோட வெளையாட முடியாதுல்ல?"

அவள் மறுத்திருக்கலாம்.

மறுக்கவில்லை. விற்றாள்!

ஸ்கூட்டியை ஸ்டேஷன் வேப்ப மரத்தடியில் நிறுத்தியபோது மணி நான்கு. வெயில் இன்னும் இறங்கவில்லை.

பெஞ்சில் ஒரு பெண் சுவரில் சாய்ந்து கிடந்தாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தோல் சுருங்கிய இரண்டு கைகள்... முத்துப்பேச்சி! பக்கத்தில் சோலைமலை, தலையில் கை வைத்தபடி.

"எம் புருசனைக் கொன்னுட்டாக!" முத்துப்பேச்சி கதறினாள். "அந்த இராமகிருஷ்ணந்தான்! கம்பெனிக்கார மொதலாளிதான்!"

"சும்மா இரு அக்கா" என்றான் சோலைமலை. "பெரிய எடத்தைப் பேசி நமக்கு ஆகப் போறது என்ன? மேல பாத்துக்கிட்டே பின்னால நடந்திருப்பாரு மச்சான். கால் தவறிருச்சு. பாடியை வாங்கிட்டுப் போய் ஆக வேண்டியதைப் பாப்போம்..."

இன்ஸ்பெக்டர் கற்பகவல்லி மூவரையுமே உள்ளே அழைத்தார். மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் அந்தச் சாம்பல் நிறப் பூச்சி.

"இராமகிருஷ்ணனை விசாரிச்சாச்சு. ரெண்டு நாளா விருதுநகர்ல ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு. ஊர்க்காவலனைத் தேடி வேற யாரும் குவாரிப் பக்கம் போன மாதிரியும் தெரியல. எனக்கும் இது விபத்துன்னுதான் தோணுது. நீங்க சொல்லுங்க மாரிச்செல்வி. புதுசாப் பழகுறவங்க இப்படி விழுறது உண்டா?"

"உண்டு மேடம். கண்ணு மேலயே இருக்கும், காலைப் பாக்க மாட்டாக."

சோலைமலை பெருமூச்சு விட்டான்.

மாரிச்செல்வி கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மெமரி கார்டு செருகும் இடம் காலி. அது உறுத்தியது. அதை விட வேறொன்று அதிகமாக உறுத்தியது.

"ரிமோட்டு எங்க மேடம்?"

"ரிமோட்டா? லோடு ஆட்டோ பெட்டியில இருந்துச்சு. பெட்டி பூட்டியிருந்தது. சாவி அவர் இடுப்புல."

"ஆட்டோ எங்கன நின்னுச்சு?"

"ரோட்டு மேல. குவாரி விளிம்புல இருந்து இருநூறு அடி இருக்கும்."

மாரிச்செல்வி நிமிர்ந்தாள்.

"அப்ப இது விபத்து இல்ல மேடம்!"

"என்ன சொல்றீங்க?"

"மேல பாத்துக்கிட்டே பின்னால நடக்கணும்னா கையில ரிமோட்டு இருக்கணும்ல? அதான் பெட்டியில பூட்டிக் கெடக்கே! அண்ணாச்சி படம் எடுத்து முடிச்சிட்டாக. ரிமோட்டை வச்சுப் பூட்டிட்டாக. கார்டைக் கழத்திட்டாக. அதுக்கப்புறம் எதுக்கு விளிம்புக்குப் போகணும்?"

"யாராவது கூப்பிட்டிருந்தா போயிருப்பாரு..." கற்பகவல்லியின் குரல் மாறியது. "சரி, ட்ரோன் எப்படிக் கீழ வந்துச்சு? கையில இருந்து தவறி விழுந்ததா?"

"இல்ல. இந்த ரெக்கையைப் பாருங்க. நுனி நுனியாத் தெறிச்சிருக்கு. சுத்திக்கிட்டு இருக்கும்போதுதான் இப்படி ஒடயும். இது பறந்துக்கிட்டே வந்து பாறையில மோதியிருக்கு மேடம்!"

"ரிமோட் இல்லாமலா?"

"இதுக்கு ரிமோட்டு இல்லாமலும் பறக்கத் தெரியும். உள்ளங்கையில வச்சு இந்தப் பட்டனை அமுக்கணும். எதிர்ல இருக்க ஆளோட மூஞ்சியைப் புடிச்சுக்கிட்டுத் தானா எழும்பும். அவுக போற எடமெல்லாம் பின்னாலயே போகும். படமும் தானாவே எடுக்கும்..."

பேச்சை நிறுத்திவிட்டுக் கவரைப் பார்த்தாள்.

போற இடமெல்லாம் பின்னாலேயே... அறுபதடிப் பள்ளத்துக்குள்ளேயும்!

"இருந்தாலும் பிரயோசனம் இல்லியே மேடம்" என்றான் சோலைமலை. உதட்டை நாக்கால் தடவிக்கொண்டான். "அதான் கார்டு இல்லைங்காக. கார்டு இல்லாம எங்கன பதியும்?"

"கார்டு இல்லேன்னா..." மாரிச்செல்வி லேப்டாப்பைத் திறந்தாள். "...இதோட வயித்துக்குள்ளயே ஒரு மெமரி இருக்கு. அதுல பதியும்!"

ஒயரைச் செருகினாள். சின்னப் பச்சை விளக்கு ஒன்று கண் சிமிட்டியது.

உசுரு இருந்தது!

திரையில் ஒரே ஒரு பைல். நாற்பத்தோரு விநாடி. இன்று காலை மணி பத்து இருபத்தேழு.

தட்டினாள்.

சத்தம் இல்லை. வெறும் படம்தான்.

முதலில் ஊர்க்காவலனின் முகம். ரொம்பப் பக்கத்தில். வேர்த்திருந்தது. பயந்திருந்தது. ஆனால் கண்கள் நேராகக் கேமராவையே பார்த்தன. கட்டை விரல் பட்டனிலிருந்து விலகுவதும் தெரிந்தது.

வேண்டுமென்றேதான் அமுக்கியிருக்கிறார்!

படம் மெல்ல மேலே எழும்பியது. இப்போது அவருக்கு எதிரே இன்னொரு ஆள். முதுகு மட்டும் தெரிந்தது. ஊர்க்காவலன் கையெடுத்துக் கும்பிட்டு ஏதோ கெஞ்சுகிறார். அந்த ஆளின் கை அவருடைய சட்டைப் பைக்குள் பாய்கிறது. எதையோ பிடுங்குகிறது. தம்மாத்துண்டு கறுப்பு வில்லை. மெமரி கார்டு!

ஊர்க்காவலன் அதைப் பிடிக்கத் தாவுகிறார்.

இரண்டு கைகள். ஒரே ஒரு தள்ளு!

முத்துப்பேச்சி வீறிட்டாள்.

படம் தலைகுப்புறத் திரும்பியது. பாறை... பாறை... பாறை... கீழே விழுகிறவரைத் துரத்திக்கொண்டே இறங்கியது. ஆனால் அப்படித் திரும்புகிற அந்த ஒரு கணத்தில், விளிம்பில் நின்றவனின் முகம் திரையை நிறைத்துவிட்டுப் போனது.

மாரிச்செல்வி அந்த இடத்தில் நிறுத்தினாள்.

சோலைமலை!



அடுத்த விநாடி நாற்காலி கவிழ்ந்தது. கதவை நோக்கிப் பாய்ந்தான் சோலைமலை. கற்பகவல்லி மேசையைச் சுற்றி வருவதற்குள் வாசற்படியைத் தொட்டுவிட்டான்.

ஆனால் தாண்டவில்லை.

கட்டம் போட்ட சட்டையின் முதுகுப்பக்கத்தை இரண்டு கைகள் கவ்வியிருந்தன. ஒரு வருடமாகத் தண்ணீர்த் தம்ளரைக் கூடப் பிடிக்க வராத கைகள். வெந்து சுருங்கிய கைகள்.

"ஏலே... ஏலே சோலை!" முத்துப்பேச்சி அவனை உலுக்கினாள். "நீயாலே?"

சட்டை கிழிந்தது. அவள் விடவில்லை. இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்து அவனைச் சுவரோடு அமுக்கினார்கள்.

"சொல்லு!" என்றார் கற்பகவல்லி.

"கம்பெனியை உள்குத்தகைக்கு... எடுத்தது நாந்தான் மேடம்." அவன் வார்த்தை வார்த்தையாகத் துப்பினான். "இராமகிருஷ்ணன் மொதலாளிதான் குடுத்தாரு. பேரு வெளிய தெரியக் கூடாதுன்னாரு. சீசன் ஆர்டரு... மச்சான் ஆட்டோ குவாரி ரோட்டுல நின்னதைப் பாத்து, பேசணும்னு விளிம்புக்குக் கூப்பிட்டேன், ட்ரோனும் கையுமா வந்தாரு. படத்தைக் கலெக்டர்கிட்டக் குடுப்பேன்னு நின்னாரு. ஷெட்டு என்னுதுன்னு அப்பத்தான் அவருகிட்டச் சொன்னேன். கார்டை மட்டுந்தான் கேட்டேன். எட்டிப் புடிக்க வந்தாரு... தள்ளிட்டேன்."

"மூணு தடவ மனு குடுத்தாரே!" முத்துப்பேச்சி மார்பில் அடித்துக்கொண்டாள். "மூணு தடவையும் ஒங்கிட்டத்தானலே சொல்லிட்டுப் போனாரு! எங் கையி வெந்த அதே கம்பெனியில, அடுத்த வீட்டுப் பொம்பளைகளை ஒக்கார வச்சிருக்கியேலே!"



மாரிச்செல்விக்குத்தான் அது முதலில் உறைத்தது.

"மேடம்... இன்னைக்கும் வேலை நாளு. இந்த நேரத்துக்கும் அந்தப் பொம்பளைக உள்ளதான் இருப்பாக!"

கற்பகவல்லி ஏற்கெனவே வயர்லெஸ்ஸை எடுத்திருந்தார்.

முக்கால் மணி நேரம் போனது. முத்துப்பேச்சியின் தலை மாரிச்செல்வியின் தோளில் கிடந்தது. நான் விற்காமல் இருந்திருந்தால் இவள் புருசன் இப்போது லோடு ஏற்றிக்கொண்டிருப்பாரே என்று மாரிச்செல்வி நினைத்தாள். அந்தக் கரடுமுரடான கைகளைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் முடிந்தது.

வயர்லெஸ் கரகரத்தது.

"மேடம்... நாற்பத்து மூணு பேர். எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. ஷெட்டு அத்தனையும் பூட்டியாச்சு!"

"இராமகிருஷ்ணன் கட்டிலுக்கு ரெண்டு பேரைக் காவல் போடுங்க" என்றார் கற்பகவல்லி. "டிஸ்சார்ஜ் ஆனதும் நேரா இங்க!"

முத்துப்பேச்சி கண்ணை மூடினாள். "நாப்பத்து மூணு..." என்று முணுமுணுத்தாள். அதன் பிறகுதான் சத்தம் போட்டு அழுதாள்.

விலங்கோடு சோலைமலையை ஜீப்புக்கு நடத்திப் போனார்கள். வாசலில் மாரிச்செல்வியைக் கண்டதும் நின்றான். பல்லைக் கடித்தான்.

"அஞ்சாயிர ரூவா ஐட்டத்தைக் குடுன்னேன்... கேட்டியா நீ?"

மாரிச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் வித்த மெஷினுக்கு வாரன்டி ஒரு வருசந்தான் அண்ணாச்சி. ஒங்களுக்கு எம்புட்டு வருசம்னு கோர்ட்டுல சொல்லுவாக... ஏறுங்க!"