வெறும் மழை

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து அக்கரை சுடவே இல்லை.

ராயாவுக்கு அது உறைத்தபோது மணி பதினொன்று. பீட்ரூட் சீவிக்கொண்டிருந்த கை நடுவில் ஒருமுறைகூட நிற்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். இரண்டு வருடமாக அந்தக் கைக்கு ஒரு பழக்கம்: அக்கரையில் பீரங்கி இருமினால் கத்தி நின்றுவிடும், குண்டு இக்கரையில் விழும்வரை உதடு தானாக நொடிகளை எண்ணும், விழுந்தது தங்கள் தெருவில் இல்லை என்று தெரிந்ததும் கத்தி மறுபடி நகரும். அன்று எண்ணுவதற்கு எதுவும் இல்லை. ஃப்ரிட்ஜின் முனகல் கேட்டது. ஜன்னல் கண்ணாடியில் குறுக்காக ஒட்டிய டேப்பில் ஒரு ஈ மாட்டிக்கொண்டு சிறகடிப்பது கேட்டது. தண்ணீர் வராத குழாய் அவ்வப்போது காற்றை விழுங்கிக் கனைப்பது கேட்டது. அணை உடைந்த பிறகு தினீப்பர் நதியின் பெரிய தேக்கம் வடிந்து, தண்ணீர் நின்ற இடமெல்லாம் ஆளுயரப் புதராகிவிட்டது. அந்தப் புதரின் சேற்றுவாடை, மட்கிய சிப்பியும் பச்சிலையும் கலந்த வாடை, காற்றில்லாத அந்தப் பகலில் சமையலறைக்குள் வந்து அசையாமல் நின்றது.

புதருக்கு அப்பால் அணுமின் நிலையம். உள்ளே ரஷ்யப் படை. அதன் காவலில், உலையின் கட்டுப்பாட்டு அறையில், ராயாவின் கணவன் ருஸ்லான். உலையை ஓட்டத் தெரிந்தவர்களை அவர்கள் வெளியே விடுவதில்லை.

"ராயா! இங்க வந்து பாருடி!" பக்கத்து வீட்டு ஓதார்க்கா வேலியில் ஏறி நின்று கத்தினாள். தூரத்தில், நிலையத்தின் பின்னால், ஒரு நீண்ட தூசிக்கோடு தெற்கே போய்க்கொண்டிருந்தது. "ஓடுறானுங்க! லாரி லாரியா! நம்ம ஊரு பீட்ரூட் வயித்துக்கு ஒத்துக்கலபோல."

"ஆள் மாத்துறானுங்களோ என்னமோக்கா."

"வர்ற தூசி இப்படியா இருக்கும்? இது போற தூசி. முப்பது வருஷம் கூட்டுப்பண்ணையில டிராக்டருக்குப் பின்னாடி நின்னவடி நான், எனக்கா தெரியாது?"

ராயா சிரித்துவைத்தாள். 

பன்னிரண்டரைக்கு ஃபோன் அடித்தது. ருஸ்லான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் அவன் பேசுவான். அக்கரை ஃபோன்களை ஒட்டுக்கேட்பார்கள் என்பதால் இருவருக்கும் ஒரு ரகசியப் பேச்சு உண்டு. மழை என்றால் ஷெல் வீச்சு. எத்தனை மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு கடுமை. மற்றொன்றுக்கு மட்டும் சொல் கிடையாது. "உலைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்ன சொல்லட்டும்? ஒரு வார்த்தை வச்சுக்குவோம்" என்று கடைசியாக வீட்டுக்கு வந்திருந்தபோது அவன் கேட்டதும், கெட்டது அண்டாமலிருக்க ராயா இடது தோளுக்குப் பின்னால் மூன்று முறை துப்பி, மேசைப் பலகையைத் தட்டி, அவன் வாயை அடைத்துவிட்டாள். பேர் வைத்தால் பிறந்துவிடும் என்றாள்.

"ராயா. மழை வருது."

"எத்தனை மில்லிமீட்டர்?"

"ஐயோ, அது இல்ல. மழை. வெறும் மழையச் சொல்றேன். காத்து உங்க பக்கம்தான்... ராயா, குட்டிய..."

அவ்வளவுதான். அறுந்துவிட்டது. அவன் குரலுக்குப் பின்னால் இரும்புப் படிகளில் பல பேர் ஓடி இறங்கும் சத்தம் கேட்டதாக அவளுக்கு ஒரு நினைப்பு. திரும்பக் கூப்பிட்டாள். மணியே போகவில்லை.

வெறும் மழை. அப்படியென்றால் லேசான வீச்சு. குட்டிய நான் கொஞ்சினேன்னு சொல்லு என்றிருப்பான். அவள் அறைகளுக்கு நடுவே இருந்த நடையில் போர்வையை இழுத்துப் போட்டு மகளை அழைத்துப் போனாள். வெளிச்சுவர் ஒன்று, உள்சுவர் ஒன்று, இரண்டு சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தால் பிழைக்கலாம் என்பது அந்த ஊரில் பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு.

"அம்மா, இன்னும் எவ்ளோ நேரம்?" ஸ்லாத்தாவுக்கு ஆறு வயது. பொம்மைக் குதிரையின் காதையும் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அப்பா சொன்ன மழை பெஞ்சு முடியட்டும்டா."

ஒரு மணி நேரம். ஒன்றும் விழவில்லை. இன்னும் ஒரு மணி நேரம். இருட்டிக்கொண்டு வந்த நடையில் மகளின் தலைமுடி வாசனையும் தன் வியர்வை வாசனையும் கலந்து மூச்சை அடைத்தன. சுவருக்குள் எலி ஓடுவதும், எங்கோ ஒரு கதவு காற்றில் ஆடி ஆடி மூடாமலே அடித்துக்கொள்வதும் கேட்டன. அப்புறம் தகரக் கூரையில் டக் என்று ஒன்று.

மகளின் மேல் கவிழ்ந்து படுத்தாள்.

டக். டக் டக். பிறகு கூரை முழுக்க, தானியம் கொட்டுவதுபோல.

தலையைத் தூக்கினாள். தண்ணீர். நிஜத் தண்ணீர். மே மாதத்துக்குப் பிறகு முதல் மழை. "அட மடையா!" என்று வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணில் நீர் வந்துவிட்டது. "மழைன்னா நிஜ மழையா! வெறும் மழைன்னு அதுக்குத்தான் சொன்னியா!"

தெரு முழுக்க ஆட்கள். குழாயில் தண்ணீர் வராத ஊரில் மழை பெய்தால் யார் உள்ளே இருப்பார்கள்? வாளி, அண்டா, குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி எல்லாம் வெளியே வந்தன.

"புடிங்கடி, புடிங்க! மேல இருக்கிறவன் தண்ணி பில்லு அனுப்ப மாட்டான்!" ஓதார்க்கா நனைந்த பாவாடையோடு ஆடினாள்.

"அம்மா, நானும்?"

"போடா. இந்தா, இந்தச் சட்டியையும் டம்ளரையும் எடுத்துக்கோ." ராயாதான் கதவைத் திறந்துவிட்டாள். முதுகில் செல்லமாக ஒரு தட்டும் தட்டினாள்.

பெரிய அண்டா சமையலறை அலமாரியின் அடியில் இருந்தது. அதை இழுக்கக் குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள்.

ருஸ்லான் ஃபோனை எங்கே ஒளித்து வைத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். வேலை நேரத்தில் ஃபோன் எடுத்ததற்காகப் போன மாதம் அவன் நண்பனை நிலவறைக்கு இழுத்துப் போனார்கள். அந்த நண்பன் இன்னும் திரும்பவில்லை. அப்படியிருக்க, ஒரு செவ்வாய்க்கிழமை, நடுப்பகலில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவன் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, மழை வருது என்றா சொல்வான்?

வெறும் மழையை?

காத்து உங்க பக்கம்தான்.

இரும்புப் படிகள். ஓடும் கால்கள். போகிற தூசி.

குட்டிய.

குட்டிய வெளிய விடாத.

இழுப்பறை. எங்கே. ரசீது, மெழுகுவத்தி, நூல்கண்டு. எங்கே. உலைக்கு ஏதாவது ஆனால் போட்டுக்கொள்ள என்று நகராட்சி வரிசையில் நின்று வாங்கிய அயோடின் மாத்திரை. பெரியவர்களுக்கு ஒன்று. பிள்ளைக்குப் பாதி. சீக்கிரம் போட்டால் வீண். பிந்தினாலும் வீண். நான் நேரம் சொல்றேன், அதுவரை தொடாதே என்று ருஸ்லான் சொல்லியிருந்தான்.

சொல்லிவிட்டான். பன்னிரண்டரைக்கு.

சுவரில் மணி இரண்டே முக்கால்.

 தகட்டைப் பல்லால் கிழித்தாள். மாத்திரை கோணலாக உடைந்தது. எது பாதி? எது?

ஓடினாள். வாசல்.  

கூரைத் தண்ணீர் இறங்கும் தகரக் குழாயின் அடியில் ஸ்லாத்தா தலையை அண்ணாந்து நின்றுகொண்டிருந்தாள். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. முடியிலிருந்து, இமையிலிருந்து, முகவாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. தெரு சிரித்துக்கொண்டிருந்தது. பறவை ஒன்றுகூட இல்லாத வானத்திலிருந்து மழை நேராக இறங்கிக்கொண்டிருந்தது.

அம்மாவைப் பார்த்ததும் அவள் ஓடி வந்தாள், இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல்.

"நான் மூணு குடிச்சிட்டேன். இது உனக்கும்மா." உதட்டை நக்கிக்கொண்டாள். "சாவிய வாயில வச்ச மாதிரி ருசிக்குது."