குறுக்குக் கல்

“ஒரு கை பிடிச்சு இறக்கி விட்டா நமக்க கை என்ன தேஞ்சா போவும்?”

“நட பிள்ளே.”

“வயித்தையும் தள்ளிக்கிட்டு நிக்கா, பாவம். அந்தப் புல்லுக்கட்டு எம்மாம் பெரிசு, பாத்தியளா?”

“பாக்கல்ல. நீயும் பாக்காத. நட.”

ரசலையன் தன் மனைவியின் முழங்கையைப் பிடித்த பிடியைத் தளர்த்தவில்லை. கல்யாணம் முடிந்து இத்தனை நாளில் அவன் தன்னை இப்படிப் பிடித்ததில்லை என்று தேவகனி நினைத்துக்கொண்டாள். அவள் தலையிலிருந்த பனையோலைக் கடவம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அம்மா அடுக்கிக் கொடுத்த முந்திரிக்கொத்துகள் உள்ளே உருண்டன.

அதுவரைக்கும் நல்ல பயணமாகத்தான் இருந்தது. ரசலையனுடன் போர்டிங் பள்ளியில் படித்த யேசுரத்தினம், அஞ்சுகிராமத்துக்கு இந்தப் பக்கம் புது வீடு கட்டியிருந்தான். பெண்ணையும் மாப்பிள்ளையையும் விருந்துக்கு வரச் சொல்லிச் சொல்லி அவனுக்கும் அலுத்துவிட்டது. நாகர்கோவிலில் பஸ் ஏறினார்கள். சபைப் பள்ளிக்கூட வாத்தியாரான ரசலையனின் மடியிலிருந்த சக்கரக் காசு மயிலாடியோடு தீர்ந்துபோனதால் அங்கேயே இறங்கி நடந்தார்கள். சீமைக் கதைகளில் கல்யாணமானவர்கள் இப்படித்தான் ஊர் ஊராகப் போவார்கள், குதிரை வண்டியில், பனி கொட்டுகிற மலைப்பாதையில் என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான். “நமக்குக் குதிரை நம்ம காலுதான்” என்றாள் அவள். ஆடிக்காற்று முதுகைத் தள்ளியது. தகரப்பெட்டியை இந்தக் கையிலும் அந்தக் கையிலும் மாற்றிக்கொண்டு அவன் சிரித்தான்.

பனங்காட்டு வளைவில் தூரத்திலேயே அந்த இரண்டு கற்களும் தெரிந்தன. சுமைதாங்கி. கடவத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம் என்று தேவகனி எட்டி நடந்தாள். கிட்டே போனால், நட்ட கல் இரண்டும் நிற்கின்றன, மேலே குறுக்குக் கல்லைக் காணோம்.

கற்களுக்கு நடுவே அந்தப் பெண் நின்றாள். தலையிலிருந்து தொங்கிய புல் முகத்தை மூடியிருந்தது.

“மக்களே, ஒரு கை பிடிச்சு இறக்கி விடுதியா?”

தலைச்சுமையை ஒற்றை ஆளாக இறக்க முடியாது. வழியில் யார் கேட்டாலும் கை கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். கோர்ட்டில் வழக்கு நடக்கிற பங்காளிகூட அதற்கு மாட்டேன் என்று சொன்னதில்லை. தேவகனியும் ஓர் எட்டு எடுத்து வைத்தாள். அப்போதுதான் ரசலையனின் கை அவளைப் பிடித்தது.

வளைவு மறைந்த பிறகுதான் அவன் வாய் திறந்தான்.

“கள்ளனுவ இப்படித்தான் செய்வானுவ, கேட்டியா. ஒரு பொம்பளைய நிறுத்தி வச்சிட்டு மறைஞ்சு நிப்பானுவ. உனக்க கழுத்துல தாலி கிடக்கு.”

இருக்கலாம். ஆனால் கள்ளனுக்குப் பயந்தவன் பனைகளின் பின்னால் பார்த்திருக்க வேண்டாமா? அவன் ஒரு பக்கமும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தே நடந்தான். இந்தக் காற்றிலும் அவன் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டான். “புல்லுக்கட்டா இருந்துது?”

“நீங்க பாக்கலியா?”

“நான் கல்லைத்தான் பாத்தேன்.” பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, “அங்க போய் இதைச் சொல்லாத. யேசுரத்தினத்துக்க பெஞ்சாதி மாசமா இருக்கா. வெறுத பயப்படுவா” என்றான்.

வெறும் கள்ளன் கதை என்றால் அதைச் சொல்ல என்ன பயம்? பின்னாலிருந்து அடித்த காற்றில் ஒரு வாசம் வந்தது. அப்போதுதான் அறுத்த பச்சைப் புல்லின் வாசம்.

அந்த ஆடியில், கண்ணுக்கெட்டிய வரை காய்ந்த செம்மண்ணும் பனையும்தான். ஒரு பச்சைத் துரும்பு இல்லை.

வாசத்தோடு மூச்சுச் சத்தமும் வந்தது. பாரம் சுமக்கிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு.

வீடு போய்ச் சேரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. யேசுரத்தினம் வெளியே ஓடிவந்தான்.

“ஏலே மக்கா, பொண்ணை நடத்தியா கூட்டிட்டு வந்த? வண்டி பிடிக்கப்பிடாதா?”

“உனக்க வீட்டுச் சோறை நம்பி வண்டி பிடிக்க முடியுமால?” என்றான் ரசலையன். பழைய சிரிப்பு திரும்பி வந்துவிட்டது.

வாசலுக்கு உள்ளே யேசுரத்தினத்தின் மனைவி ராஜபாய் நின்றாள். ஏழு மாதமோ எட்டு மாதமோ இருக்கும். இருபது வயதுகூட ஆகாதவள், கூன் விழுந்தவள்போல் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள்.

ரசலையன் கைகொடுக்க, தேவகனி கடவத்தை வாசற்படியாகக் கிடந்த நடைக்கல்லின் மேல் இறக்கினாள்.

“அப்பாடா” என்றாள் ராஜபாய். அவள் கழுத்து நிமிர்ந்தது.

“சுமந்தது நான், அப்பாடா சொல்லுகது நீயா?” என்று தேவகனி சிரித்தாள்.

“தெரியல்ல மைனி. என்னமோ சட்டுனு லேசா இருந்துது.” அவளும் சிரித்தாள். சிரித்தால் குழந்தை முகம்.

யேசுரத்தினம் கடவத்தைத் தூக்கி உள்ளே கொண்டுபோனான்.

ராஜபாயின் கழுத்து மெல்ல மெல்லப் பழையபடி உள்ளே இறங்கியது.

தேவகனி நடைக்கல்லைக் குனிந்து பார்த்தாள். நீளமான கருங்கல். நடுவில் ஒரு குழிவு. கால் பட்டுத் தேய்ந்த தேய்வு இல்லை அது. வீடு கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லையே. எத்தனையோ பெட்டிகளும் கட்டுகளும் மூட்டைகளும் இறங்கி ஏறி வழுவழுத்துப்போன குழிவு.

அவள் அதை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனாள்.

மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் பரிமாறும்போது யேசுரத்தினத்துக்கு வீட்டுப் பேச்சுதான். ஓடு எங்கே வாங்கினான், கதவு எப்படி மலிவாகக் கிடைத்தது என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

“மயிலாடிக் கல்தச்சன் நடைக்கல்லுக்குக் கேட்ட விலையில பாதி வீடு கட்டிரலாம். இது ரோட்டுல சும்மா கிடந்துது.”

“கிடந்துதா, நின்னுதா?” அடுக்களையிலிருந்து ராஜபாயின் குரல்.

“சரி, நின்னுது. எந்தக் காலத்துலயோ பிள்ளைத்தாச்சியா செத்த ஒருத்திக்கு அவளுக்க ஆளுவ நட்டு வச்சது. நாலு பேரு சுமை இறக்கினா அவளுக்க வயித்துச் சுமை இறங்குமாம். நாம வேதக்காரங்க, இதுக்கெல்லாம் பயப்படலாமா?” அவன் தேவகனியைப் பார்த்தான். “உனக்க மாப்பிள்ளைதானே அன்னைக்கு மறு முனையைப் பிடிச்சது. சொல்லலியா?”

ரசலையன் தலை நிமிராமல் மீன்முள் எடுத்துக்கொண்டிருந்தான். முள் இல்லாத துண்டு அது.

தள்ளிக்கொண்டிருந்த அந்த வயிறு தேவகனியின் கண்முன் வந்தது. கை கழுவும் சாக்கில் எழுந்து அடுக்களைக்குப் போனாள். ராஜபாய் சுவரில் தலையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

“படுத்தா மூச்சு முட்டுது மைனி” என்றாள் மெதுவாக. “தலைக்கு மேல பாரம். கையை வச்சுப் பாத்தா ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரி நர்சு நரம்புன்னு சொல்லுகா. பாரம் கூடக்கூட பிள்ளை அசையது குறையுது. நேத்துல இருந்து அசையவே இல்ல.” அவள் தேவகனியின் கையைப் பிடித்தாள். “வாற வழியில உங்ககிட்ட யாராவது என்னவாவது கேட்டாளா?”

யாராவது கேட்டார்களா என்று கேட்கவில்லை அவள். கேட்டாளா என்றாள்.

தேவகனிக்குக் கணவன் சொன்னது நினைவு வந்தது. “இல்ல” என்று சொன்னாள். சொன்ன வாய் கசந்தது.

நேரே திரும்பி வந்து ஆண்கள் முன்னால் நின்றாள்.

“விடிஞ்சதும் அந்தக் கல்லைக் கொண்டு போய் இருந்த இடத்துல வச்சிருங்க. ரெண்டு பேரும்.”

யேசுரத்தினம் சிரித்தான். “ரெண்டு பேரு தூக்குக கல்லா அது?”

“அன்னைக்கு ரெண்டு பேருதானே தூக்கினிய?”

ரசலையன்தான், மணையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அன்னைக்கு லேசா இருந்துது. கூட இன்னொரு ஆளு தூக்கின மாதிரி.”

யேசுரத்தினத்தின் சிரிப்பு போய்விட்டது. “நானும் போன மாசம் கடப்பாரை வச்சு நெம்பிப் பாத்தேன்” என்றான். “அசையல்ல.”

ஆக, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் சோறு தின்கிறார்கள், சிரிக்கிறார்கள். தேவகனி தன் கணவனைப் பார்த்தாள். பனி கொட்டுகிற மலைப்பாதையைச் சொன்ன அந்த வாயை, யாரோ ஒரு பிறத்தியானின் வாயைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“ஜெபம் பண்ணிரலாம்” என்று யேசுரத்தினம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். ராஜபாயும் அடுக்களையிலிருந்து வர, நாலு பேரும் முழங்காலில் நின்றார்கள். அவன் கண்களை இறுக மூடிக்கொண்டு உரக்க ஜெபித்தான். ரசலையனும் கண்களை மூடியிருந்தான்.

தேவகனியால் மூட முடியவில்லை.

சாத்திய கதவுக்கு வெளியே நடைக்கல்லில் ஏதோ உரசியது. வெறுங்கால்.

பிறகு வாசம் வந்தது. பச்சைப் புல்.

வெளியிலிருந்து இல்லை. அறைக்குள், மிகக் கிட்டத்தில்.

எதிரே நின்ற ராஜபாயின் கழுத்து தோளுக்குள் புதைந்துகொண்டிருந்தது. அவள் கைகள் இரண்டும் மெல்ல உயர்ந்தன. தலைக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தில், எதையோ இரு பக்கமும் பற்றிக்கொண்டன. அவிழ்ந்த கூந்தல் முகத்தை மூடிச் சரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற அந்த மூச்சு.

ஜெபம் நின்றபாடில்லை.

கூந்தலுக்குள்ளிருந்து, ராஜபாயின் வாயால், ராஜபாய் ஒருநாளும் பேசாத குரல் வந்தது.

“மக்களே, ஒரு கை பிடிச்சு இறக்கி விடுதியா?”