நிப்லாவின் நேர்முக வர்ணனை

“மாமா, மாடு! மாடு!”

நிப்லா போட்ட சத்தத்தில் சாரதி முனாப் பிரேக்கை அழுத்தினார். பஸ் குலுங்கி நின்றது. சிவப்பு மாடு ஒன்று, எதுவுமே நடக்காததுபோல வீதியைக் கடந்து போனது.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ் அது. பத்து வயது நிப்லா உம்மாவோடு முன் சீட்டில் இருந்தாள். காரைதீவுச் சந்தியிலிருந்தே அவள் கவனித்துக்கொண்டுதான் வந்தாள். சாரதியின் கண் வீதியில் நிற்கவில்லை. முன் கண்ணாடிக்குக் கீழே செருகியிருந்த போனுக்கே ஓடி ஓடிப் போனது.

“ஆக்கள ஏத்திக்கொண்டு போன் பார்க்கிறீங்களா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கோபமாகக் கேட்டார்.

முனாப்புக்கு வெட்கமாகப் போய்விட்டது. “பிழைதான், மன்னிச்சுக்கங்க. என்ட மகன் றிபாத் விளையாடுறான். குருநாகலில பாடசாலை உதைபந்தாட்ட ஃபைனல். பார்க்கக் கூடாது என்டுதான் நினைக்கிறன். கண் கேக்குதில்ல.”

“சத்தத்தக் கூட்டிவிட்டுக் கேளுங்களன், காக்கா” என்றார் நடத்துநர் ஜதுசன்.

“வர்ணனை இல்ல தம்பி. ஆரோ ஒரு பொடியன் போனால எடுத்து லைவ் போடுறான். வெறும் கூச்சல்தான் கேக்குது. நிப்பாட்டிப் பார்க்கவும் ஏலாது, நேரத்துக்குப் போகணும்.”

நிப்லா கையை நீட்டினாள். “போனை என்னட்டத் தாங்க மாமா. நான் பார்த்துப் பார்த்துச் சொல்றன். நீங்க வீதியைப் பாருங்க.”

“உனக்கு உதைபந்து தெரியுமா மகள்?”

“கிரிக்கெட் தெரியும்.”

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். முனாப் மட்டும் சிரிக்கவில்லை. போனைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். “நம்மட ஆக்கள் நீலம். பச்சைச் சட்டை போட்ட கோல் காப்பாளர்தான் றிபாத்.”

பஸ் புறப்பட்டது. நிப்லா உரத்துச் சொல்லத் தொடங்கினாள்.

“ஒண்டுக்கு ஒண்டு! நீலம் பந்தோட ஓடுறார்... மஞ்சள் குறுக்கால வாறார்... ஐயோ, நீலம் விழுந்துட்டார்! அவுட்!”

“உதைபந்தில அவுட் இல்ல புள்ள!” என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

“சரி, எழும்பிட்டார். நொட் அவுட்!”

பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தவர் அதை மடித்து வைத்தார். பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா காதிலிருந்து இயர்போனைக் கழற்றினார். புரியாணி சமைக்கும் வீடியோ பார்த்துக்கொண்டிருந்த பெண், புரியாணியை அடுப்பிலேயே விட்டுவிட்டு நிப்லாவின் பக்கம் சாய்ந்தார்.

“மறுகா? பிறகு என்ன?” என்று முனாப் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் அவர் கண் வீதியை விட்டு அசையவில்லை.

நிந்தவூரைத் தாண்டும்போது ஆட்டம் முடிந்தது. இன்னும் ஒன்றுக்கு ஒன்றுதான். இனிப் பெனால்டி. அணிக்கு ஐந்து அடி.

நீலம் நான்கு கோல் அடித்தது. மஞ்சள் மூன்று அடித்தது. கடைசி அடி மஞ்சளுக்கு.

“இதை றிபாத் பிடிச்சா நம்மட ஆக்களுக்குத்தான் கப்!” என்று ஜதுசன் துள்ளினார். டிக்கட் கொடுப்பதையே அவர் மறந்துவிட்டார்.

“மஞ்சள் பந்தை வைக்கிறார். பின்னால நடக்கிறார். றிபாத் ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு நிக்கிறார். மஞ்சள் ஓடி வாறார்... ஐயோ! படம் நிண்டுட்டு!”

போனில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பஸ் களியோடைப் பாலத்தில் ஏறியது. முனாப்பின் கழுத்து போன் பக்கம் மெல்லத் திரும்பப் போனது.

“மாமா, வீதி!”

“ஓம் மகள், ஓம்.”

“பிடிச்சிட்டார் என்டு சும்மா சொல்லு புள்ள. மனிசன் நிம்மதியா ஓட்டட்டும்” என்று பத்திரிகைக்காரர் குசுகுசுத்தார்.

நிப்லா தலையாட்டி மறுத்தாள். “பார்க்காம நான் சொல்ல மாட்டன்.”

வட்டம் சுற்றியது. சுற்றியது. சட்டென்று படம் அசைந்தது.

“வந்துட்டு! அடிச்சிட்டார்! றிபாத் பாய்ஞ்சிட்டார்! ஆனா... பந்தைக் காணல்ல!”

“வலைக்குள்ளயா?” என்று முனாப் கேட்டார்.

“இல்ல, வலைக்குள்ள ஒண்டுமில்ல! றிபாத் குப்புறக் கிடக்கார்... மெல்ல எழும்புறார்... மாமா! பந்து அவர்ட வயித்துக்குக் கீழ இருக்கு! பிடிச்சிட்டார்! பிடிச்சிட்டார்!”

பஸ்ஸே வெடித்துவிடும்போல இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நிப்லாவின் உம்மா சீட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

முனாப் சிக்னல் விளக்கைப் போட்டார். ஓரமாகப் போய், மர நிழலில் பஸ்ஸை நிறுத்தினார். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார். “அல்ஹம்துலில்லாஹ்” என்றார்.

அந்த நேரம் நிப்லாவின் கையிலிருந்த போன் மணி அடித்தது. அவள் அதை அவரிடம் கொடுத்தாள்.

“வாப்பா! பார்த்தீங்களா?”

“பார்க்கல்ல மகன். பஸ் ஓட்டிக்கொண்டு வந்தன்” என்றார் முனாப், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “ஆனா எல்லாம் தெரியும். பந்து உன்ட வயித்துக்குக் கீழதானே கிடந்தது?”

“அது எப்படி வாப்பா தெரியும்?”

முனாப் போனை நிப்லாவிடமே நீட்டினார். “முதல்ல இருந்து நீயே சொல்லு மகள்.”

நிப்லா தொண்டையைச் செருமினாள். பஸ்ஸில் எல்லோரும் மறுபடியும் கேட்கத் தயாரானார்கள். நிந்தவூரில் இறங்க மறந்துபோன மூன்று பேரும்தான், நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்கள்.