இணக்கி எடுத்த வீடு

காலை விசாரிப்பு மணி அடித்ததும் கோவையின் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் கதவுகள் எல்லாம் திறந்தன. எல்லோரும் வாசல் நடைக்கு வந்து, அளவாகச் சிரித்து, அளவாக நலம் விசாரித்துவிட்டு உள்ளே போவது வழக்கம். அன்று கயல்மொழி மட்டும் தனியாக வந்து நின்றாள். கணவன் பரிதி கதவுக்குப் பின்னாலேயே இருந்துவிட்டான்.

காதுக்குப் பின்னால் சீழ் வைத்ததால் முந்தின வாரம்தான் அவனுடைய இணக்கியை எடுத்திருந்தார்கள். பதினெட்டு வயதில் எல்லோருக்கும் பொருத்துகிற சில்லு அது. ஆளைக் கண்டால் ஒதுங்குகிறவரையும், ஆள் இல்லாமல் தவிக்கிறவரையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடும்.

"ஏனுங்க, எம்மேல கோபமுங்களா?" என்று உள்ளே வந்து கேட்டாள் கயல்மொழி.

பரிதி யோசித்தான். "கோபமில்ல கயலு. பேச்சுச் சத்தம் கேட்டாலே அசதியா இருக்குது. நீ பக்கத்துல இருந்தாப் போதும்."

"அப்ப இத்தன வருசமா எங்கூட விடிய விடியப் பேசுனது யாருங்க?"

"எனக்கும் வெளங்கலயே" என்றான்.

மருத்துவமனையில் டாக்டர் ரெஹானா பொறுமையாகச் சொன்னார். "அவரு மூளை அப்படிங்க. மனுசங்களோட பழகறது சில மூளைக்குப் பரிசு, சில மூளைக்குப் பளு. குறைன்னு சொல்ல முடியாது. புண்ணு ஆறுனதும் திரும்ப வைக்கலாம். ஆனா அவரு வேண்டாங்கறாரு."

"என்னோடதையும் எடுத்துருங்க" என்றாள் கயல்மொழி. எடுத்துவிட்டால் தானும் அவனைப் போல அமைதியாகிவிடுவோம், அவனைப் புரிந்துகொள்வோம் என்று நினைத்தாள்.

நடந்தது வேறு. இணக்கியை எடுத்துக்கொண்டு வீடு திரும்பும்போது லிப்டில் ஏறிய முன்பின் தெரியாத பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு மாடி வரும்வரை பேசினாள். பக்கத்து வீட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்கவே மனமில்லை. அந்த வீட்டுக்காரர்கள் அளவாகச் சிரித்தார்கள். பிறகு, அதே சிரிப்போடு, கதவைத் திறந்துவிட்டார்கள்.

வீட்டில் பரிதி நகர்ந்து இடம் கொடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டவன் போல, "பேசு, முடிஞ்ச மட்டும் கேக்கறேன்" என்றான்.

பேசினாள். லிப்டுப் பெண்ணைப் பற்றி, அவளுடைய பிள்ளைகளைப் பற்றி, எதை எதையோ பற்றி. சற்று நேரத்தில் அவன் நெற்றி சுருங்கியது. கண்களை மூடிக்கொண்டான். ஆனால் அவள் கையை மட்டும் விடவில்லை. நிறுத்தச் சொல்கிறானா, இன்னும் கேட்கிறேன் என்கிறானா? இத்தனை நாள் கூட வாழ்ந்தும் கயல்மொழிக்கு அது பிடிபடவில்லை.