எலுமிச்சம்பழத்துக்கு நின்ற வண்டி

கோயம்புத்தூரில் இப்போதெல்லாம் புது பைக்குதான் சல்லிசு. கொள்ளை விலை எல்லாம் பழைய பைக்குக்குத்தான். புது வண்டிக்கு என்ன தெரியும்? பால் குடிக்கிற பிள்ளை அது. ஒருவர் இரண்டு மூன்று வருஷம் ஓட்டி, அவருடைய கைப்பழக்கம் வண்டிக்குள் இருக்கும் பழகுமூளையில் ஏறினால்தான் அதற்கு மரியாதை. எந்த வளைவில் அவர் வேகத்தைக் குறைக்கிறார், எந்தச் சத்தத்துக்கு பிரேக்கைப் பிடிக்கிறார், பக்கத்தில் லாரி வந்தால் எப்படி ஒதுங்குகிறார் என்று பழகுமூளை பார்த்துக்கொண்டே இருக்கும். அவர் விற்றுவிட்டுப் போன பிறகும், அடுத்து ஏறுகிறவரின் கைக்கு முன்னால் அந்தப் பழக்கம் முந்திக்கொள்ளும். ஆகவே இந்த ஊரில் பைக் வாங்குகிறவர்கள் இஞ்சினைப் பார்ப்பதில்லை, மைலேஜ் கேட்பதில்லை. "யாருங்க ஓட்டுனது?" என்பதுதான் முதல் கேள்வி.

நிவேதிகாவுக்கு அது பிழைப்புப் பிரச்சினையும்கூட. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. போத்தனூரில் ஒரு சர்க்கரைக்காரர், சுந்தராபுரத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி என்று வெறும் வயிற்றோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஜனங்களுக்கெல்லாம் இவள் வந்து போனால்தான் காபி. போன வருஷம் ஒரு சந்தில் பந்தை விரட்டிக்கொண்டு ஒரு பொடியன் குறுக்கே பாய்ந்தான். வண்டியை ஒடித்துத் திருப்பி, தொப்பென்று விழுந்தாள். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை, சாமி புண்ணியம். இவளுக்குத் தோள்பட்டையில் எலும்பு முறிவு. எலும்பு கூடிவிட்டது, நடுக்கம்தான் போகவில்லை. ஹேண்டில்பாரைத் தொட்டால் கை நடுங்கியது. கொஞ்ச நாளில் அந்த நடுக்கம் ஊசி பிடிக்கும்போதும் வந்தது. ஊசி போடுகிறவளின் கை நடுங்கினால் எவர்தான் கையை நீட்டுவார்? லேப் மேனேஜர் நல்ல மனுஷன், "மெதுவா சரியாயிட்டு வாங்க" என்றுதான் சொல்லியிருந்தார். அவரும் எத்தனை நாளைக்குச் சொல்வார் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

"இந்தத் தடவை வண்டி என்னைக் காப்பாத்தணும்ங்க. என்னைய நம்பி ஏறுறதா இல்ல" என்று கணவன் சஞ்சித்திடம் சொல்லித்தான் உக்கடம் வண்டிச் சந்தைக்கு அவனை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்க தங்கச்சி! தினப்படி ஓட்டத்துக்குத்தானே? ஓட்டிப் பாருங்க. ஓட்டிப் பாக்காம நான் யாருக்கும் குடுக்கிறதில்ல" என்றார் கடைக்காரர் ரியாஸ் பாய்.

முதல் வண்டி பளபளவென்று இருந்தது. அவள் ஏறி உட்கார்ந்ததுதான் தாமதம், இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் இருந்த சந்தில் ஜிவ்வென்று புகுந்தது. பின்னால் இருந்த சஞ்சித் அவள் தோளைக் கட்டிக்கொண்டு, "ஐயோ, நிவி!" என்று அலறினான். அப்புறம் பெண்கள் கல்லூரி வாசல் வந்ததும் தானாக வேகத்தைக் குறைத்து, அன்னநடை போட்டு, இரண்டு தரம் ஹாரன் வேறு அடித்தது. ஓட்டியது யார் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவரின் வண்டி. அப்படி ஒரு ஒழுக்கம். ஆத்துப்பாலம் சந்திப்பில் பஸ்ஸுக்கு வழிவிட்டது, ஆட்டோவுக்கு வழிவிட்டது, தள்ளுவண்டிக்கு வழிவிட்டது, வழிவிட்டபடியே நின்றது. சஞ்சித்துக்குப் பிடித்துப்போனது. "தங்கமான வண்டி நிவி" என்றான்.

"தங்கந்தான். இது மேல ஏறுனா என் பேஷண்ட்டுக எல்லாம் மத்தியானம் வரைக்கும் பட்டினி கிடக்கணும்."

மூலையில் துணி மூடி ஒரு வண்டி நின்றது. அதையும் காட்டச் சொன்னாள். ரியாஸ் பாய் தலையைச் சொறிந்தார்.

"அது எதுக்கும்மா? பயந்தாங்கொள்ளி வண்டி. ரெண்டு பேர் வாங்கிட்டுப் போய், மறுநாளே திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டாங்க. ரோட்டுல பேப்பர் பறந்தா நிக்கும். காக்கா உக்காந்திருந்தா நிக்கும்."

"நிக்கும்னா, தூக்கி எறியுமா?"

"சே சே, பூ மாதிரி நிக்கும். அதுல குத்தம் சொல்ல முடியாது."

ஏறினாள். கை நடுங்கியது. வண்டி கிளம்பியது. போகிற வழியில் உரித்துப் போட்ட தேங்காய் மட்டை ஒன்று கிடந்தது. அவள் அதைப் பார்ப்பதற்குள் வண்டி பதமாக வேகம் குறைந்து, ஒதுங்கி, மறுபடி ஓடியது. ஒரு நாய்க்குட்டிக்கு நின்றது. அது வாலை ஆட்டிவிட்டு எழுந்து போகும் வரை பொறுமையாக நின்றது. குளக்கரையைச் சுற்றித் திரும்பி வரும்போது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது அவளுக்கு. கையைப் பார்த்தாள். நடுக்கம் நின்றிருந்தது.

"இதுதாங்க வேணும்" என்றாள்.

"எடுத்துக்கங்க. ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன். கத்துக்கிட்டதோட இது நிக்காது, இனிமே உங்க கையப் பாத்தும் கத்துக்கிட்டே இருக்கும். கை செய்யாததை வண்டியும் கொஞ்சங்கொஞ்சமா விட்டுரும்" என்றார் ரியாஸ் பாய். நிவேதிகா அப்போது வண்டியின் டேங்கைத் தடவிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது.

வீட்டு வாசலில் பூஜை. மாமியார் சுகன்யா பொட்டு வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டி, முன்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எலுமிச்சம்பழத்தை வைத்தாள். வண்டி அதை நசுக்கிக்கொண்டு புறப்பட்டால் திருஷ்டி கழிந்தது என்று கணக்கு. வண்டிகள் பறக்கிற காலம் வந்தாலும் இந்த ஊர்க்காரர்கள் பழத்தைக் கட்டித் தொங்கவிட்டாவது நசுக்கிவிடுவார்கள்.

நிவேதிகா கிளப்பினாள். வண்டி பழத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. மறுபடி கிளப்பினாள். மறுபடி நின்றது. அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏனுங் கண்ணு, சகுனமே சரியில்லையே! இந்த வண்டி வேண்டாஞ்சாமி, திருப்பிக் குடுத்துரலாம்" என்றாள் மாமியார்.

நிவேதிகாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விழுந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பிளஸ் ஒன் படிக்கும் மகள் இனியா அம்மாவையே வேடிக்கை பார்த்தாள்.

"அத்தை, எலுமிச்சம்பழத்துக்கே நிக்கிறது ஒரு கொழந்தைக்கு நிக்காதா? இதைவிட என்ன சகுனம் வேணும் எனக்கு?"

மாமியார் பழத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு எல்லாரும் ஜூஸ் குடித்தார்கள்.

மார்கழி பிறந்தது. ஒரு காலையில் குனியமுத்தூரில் தெருவை அடைத்து ஒரு கோலம், நடுவில் சாணப் பிள்ளையார், அதன் தலையில் பூசணிப்பூ. பூ வேண்டும் என்று ஆசைப்பட்டு, நடக்கப் பழகி நாலு நாளான ஒரு குழந்தை தத்தித் தத்தி வந்து கோலத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தது. பனியில் நிவேதிகாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. வண்டி நின்றது. ஏன் நின்றது என்று குனிந்து பார்த்தபோதுதான், முகமெல்லாம் கோலமாவோடு அது இவளைப் பார்த்துச் சிரித்தது.

உள்ளேயிருந்து ஓடிவந்த தாய் குழந்தையை வாரிக்கொண்டு அழுதாள். நிவேதிகாவும் அழுதாள். "நீங்க நல்லா இருக்கோணும் அக்கா" என்று அந்தப் பெண் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் இவள் அடுத்த தெருவுக்குப் போய், நரம்பே அகப்படாத ஒரு பாட்டிக்கு ஒரே குத்தில் ரத்தம் எடுத்தாள். கை இம்மிகூட ஆடவில்லை.

இனி நன்றி சொல்லாமல் இருந்தால் மனுஷியே இல்லை என்று பட்டது அவளுக்கு. வண்டிக்குச் சொல்லியாயிற்று, தினமும் சொல்கிறாள். அதற்குப் பழக்கம் கொடுத்த மகராசனுக்குச் சொல்ல வேண்டாமா? ரியாஸ் பாயிடம் விலாசம் கேட்டு, மைசூர்பாகு டப்பாவோடு செல்வபுரம் போனாள். தினகரன் என்று பெயர். மின்னடுப்பு பழுதுபார்க்கிறவர், ஐம்பதைத் தாண்டியவர். கோலத்துக் கதையை அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"அம்மணி, தப்பா நினைச்சுக்காதீங்க. நான் ஒண்ணும் அவ்வளவு நல்லவன் இல்லீங்க" என்றார். "எனக்கு ரெண்டு கண்ணுலயும் புரைங்க. ஆபரேஷனுக்குப் பயந்துட்டு யார்கிட்டயும் சொல்லாம ஓட்டிட்டிருந்தேன். ரோட்டுல என்ன கிடந்தாலும் எனக்கு வெறும் மொத்தைதான். பையா, நாயா, புள்ளையான்னு வெளங்காது. எதுக்கு வம்புன்னு எல்லாத்துக்கும் நிறுத்திருவேன்."

நிவேதிகா வாயைப் பிளந்தாள்.

"பொறவு பொஞ்சாதி கண்டுபுடிச்சு, இழுத்துட்டுப் போய் ஆபரேஷன் பண்ணி வெச்சா. கண்ணு பளிச்சுன்னு ஆயிருச்சு. அதுக்கப்பறம் அந்த வண்டியோட எனக்கு ஒத்துவரலீங்க, காக்காய்க்கெல்லாம் நின்னு மானத்தை வாங்குச்சு. குடுத்துட்டு, கொஞ்ச நாள் கழிச்சு அந்த பாய்கிட்டயே வேற எடுத்தேன். அதா நிக்குது பாருங்க."

வாசலில் பளபளவென்று நின்றது, சந்தையில் அவள் முதலில் ஓட்டிப் பார்த்த அந்தக் கல்லூரி வாசல் வண்டி. உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "பொம்பளப் புள்ளைக காலேஜுப் பக்கம் அதுல போகக் கூடாதுன்னு சத்தியம் வாங்கி வெச்சிருக்கேனுங்க!"

வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கிளம்பும்போது நிவேதிகா கைகூப்பினாள். "உங்க கண்ணு தெரியலைன்னாலும் நீங்க பாத்துப் பாத்துத்தான் ஓட்டியிருக்கீங்க அண்ணா. ஒரு புள்ளை உசுரோட இருக்குது. அதுக்கு நான் யாருக்கு நன்றி சொல்றது? உங்களுக்குத்தான்." அவர் மைசூர்பாகு டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது, ஆபரேஷன் செய்த கண்.

அதற்குப் பிறகு நிவேதிகாவுக்கு ராஜயோகம்தான். பயம் விட்டுப்போயிற்று. தலைக்கவசத்துக்குள்ளேயே அம்மாவோடு பேசினாள், அடுத்த வீடு எந்தச் சந்தில் என்று யோசித்தாள், ராத்திரிக்குச் சப்பாத்தியா தோசையா என்று முடிவு பண்ணினாள். ஒரு கை சும்மா ஹேண்டில்பாரில் கிடந்தது. பிரேக்கை விரல் தேடியே மாதக்கணக்காயிற்று. வண்டி பார்த்துக்கொள்ளும். முன்பெல்லாம் காக்காய்க்கு நிற்கும், இப்போது நிற்பதில்லை. தேங்காய் மட்டையைக் கண்டால் ஒதுங்கும், இப்போது ஏறி இறங்கிவிடுகிறது. வேலைக்கும் சீக்கிரம் போய்ச் சேர்ந்தாள். 'என் அவசரம் இதுக்குப் புரிஞ்சிருச்சு' என்று சந்தோஷப்பட்டு டேங்கைத் தட்டிக்கொடுத்தாள்.

ஆயுத பூஜை வந்தது. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு வாசலில் நிறுத்தினார்கள்.

"வர்ற வருஷம் இனியா காலேஜ் சேந்ததும் இதையே அவளுக்குக் குடுத்துரலாம் நிவி. வேற வண்டி எதுக்கு? உன் கை பழகுன வண்டி, நமக்கும் நிம்மதி" என்றான் சஞ்சித். இனியா துள்ளிக் குதித்தாள். நிவேதிகாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மாமியார் போன தடவை பட்ட அவமானத்தை மறக்கவில்லை. இருந்தாலும் சாஸ்திரத்தை விட முடியுமா? முன்சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, "நிக்கும், பாருங்க" என்று உதட்டைச் சுழித்தாள். நிவேதிகா சிரித்துக்கொண்டே ஏறிக் கிளப்பினாள்.

பச்சக்.

ஒரு தயக்கம் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. பழம் நசுங்கிச் சாறு வாசலெல்லாம் தெறித்தது. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா, திருஷ்டியெல்லாம் போச்சு! வண்டிக்குப் புத்தி வந்துருச்சு கண்ணு!" சஞ்சித் கைதட்டினான். பக்கத்து வீட்டுக்காரர்களும் கைதட்டினார்கள்.

நிவேதிகா மட்டும் இறங்கி, சக்கரத்தின் அடியில் ஒட்டியிருந்த தோலைப் பிய்த்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ரியாஸ் பாய் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது. கை செய்யாததை வண்டி விட்டுவிடும். வருஷம் முழுக்க அவள் கை என்ன செய்தது? ஒன்றுமே செய்யவில்லை. வண்டி அதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறது. கண் தெரியாத மனுஷன் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டியதை, நல்ல கண் இருக்கிறவள் ஒரே வருஷத்தில் அழித்திருக்கிறாள். இந்த வண்டியைத்தான் மகளுக்குக் கொடுப்பதாக இருந்தார்கள். இனியா இதில் ஏறி, தெருமுனையில் எதையாவது பார்க்காமல் விட்டால், இதுவும் பார்க்காது.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன நிவி, என்ன ஆச்சு?" என்று சஞ்சித் ஓடிவந்தான்.

"பழமாப் போச்சுங்க" என்றாள் அவள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "கடவுளே, வெறும் பழமாப் போச்சு. நல்லவேளை, நல்லவேளை!" நசுங்கின தோலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அப்புறம் எழுந்தாள். "அத்தை, இன்னொரு பழம் குடுங்க."

"எதுக்கு கண்ணு? அதான் நசுங்கிருச்சே!"

வாங்கி, தானே முன்சக்கரத்துக்கு நாலடி தள்ளி வைத்தாள். வண்டியைக் கிளப்பினாள். பழம் நெருங்கியதும் கண்ணை எடுக்காமல், விரல் நான்கையும் மடக்கி பிரேக்கைப் பிடித்தாள். நின்றது. பின்னால் தள்ளினாள். மறுபடி வந்தாள், மறுபடி பிடித்தாள். வேடிக்கை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சுண்டல் ஆறிப்போனது. மாமியார், "போதும் கண்ணு, பைத்தியம்னு சொல்லப் போறாங்க" என்று கெஞ்சினாள்.

கடைசியில் அவள் பிடிப்பதற்கு ஒரு இமைப்பொழுது முன்னால், சக்கரம் லேசாகத் தயங்கிய மாதிரி இருந்தது. நிஜமாகவே தயங்கியதா, தன் ஆசைதானா என்று நிவேதிகாவுக்குத் தெரியவில்லை. தினகரன் அண்ணனை நினைத்து மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

"இனியா, ஹெல்மெட்டைப் போட்டுட்டு வா. பின்னால உக்காந்து, என் கையப் பாரு. வண்டியப் பாக்காத."