பத்தரை மணிச் சைரன்

காலை 10.52. குளிரறைக் கதவின் கொண்டியை நீக்கியபோது, இறால் உரிக்கும் சீனித்தாய் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தாள். மூச்சு மட்டும் இருந்தது. 10.20க்கு ஐஸ் எடுக்கப் போனவள். யாரோ வெளியே கொண்டி போட்டிருக்கிறார்கள். உள்ளிருந்து திறக்கும் பிடி உடைந்து ஆறு மாதம்.

11.20. ஆம்புலன்ஸ் போனதும் துறைமுகச் சாலை இறால் கம்பெனியின் உரிக்கும் கூடத்தை வெளியே பூட்டிவிட்டார்கள். உள்ளே நாற்பது பெண்கள். செல்போன்கள் காலையிலேயே வாசலில் வாங்கி வைக்கப்பட்டவை. வேல்விழியும் உள்ளேதான். எந்த வேலைக்கு எத்தனை நொடி என்று அளக்கப் பழகும் ட்ரெயினி. சேர்ந்து மூன்றாவது வாரம்.

மேனேஜர் சுந்தர்சிங், உரிக்கும் பெண்களில் ஒருத்தியான முத்துமாரியைக் கைகாட்டினார். "நேத்து அவகூட சண்டை போட்டது நீதானே? போலீஸ் வருது."

"சார்கிட்ட ஒண்ணு சொல்லப் போறேன்னு சொன்னா. வேலை போயிரும், வேண்டாம்ளான்னு தடுத்தேன். அதான் சண்டை."

"என்ன சொல்ல?"

முத்துமாரி சூப்பர்வைசர் லிங்கராஜைப் பார்த்தாள்.

"இவ நடுவுல எந்திரிச்சுப் போனா சார்," என்றான் லிங்கராஜ், கையில் ஒரு தாளோடு. "பத்து பத்துல இருந்து பத்து அம்பது வரை இந்த மேசைக்குப் பின்னாலதான் ஸ்டாப்வாட்ச் பிடிச்சேன்."

இல்லை என்று சொல்ல ஆளில்லை. தலையைத் தூக்கினால் வேகம் குறையும். முதுகுக்குப் பின்னால் அளப்பவர் நிற்கிறாரா என்பதுகூட யாருக்கும் தெரியாது.

11.30. சைரன். அழுதுகொண்டிருந்த முத்துமாரி முதற்கொண்டு நாற்பது பேரும் எழுந்து, மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு நிமிடம் கை முக்கினார்கள். அரை மணிக்கு ஒரு தடவை. பூட்டிய கூடத்தில், உரிக்க இறாலே இல்லாதபோதும், கால்கள் தானாகப் போயின. வேல்விழிக்கு எரிச்சல் மண்டைக்கேறியது. சட்டென்று லிங்கராஜின் தாளைப் பார்த்தாள்.

"அதைக் குடுங்க."

"நீ ட்ரெயினி. பொத்திக்கிட்டு நில்லு."

பிடுங்கினாள். பத்து இறால் உரிக்க எத்தனை நொடி என்று ஒரு வரி. 51, 50, 52, 51... நாற்பத்தேழு வரி. கூட்டினால் இடைவெளியே இல்லாமல் நாற்பது நிமிடம்.

"நடுவுல வாட்ச்சை நிறுத்துனியளா அண்ணாச்சி?"

"நிறுத்தக் கூடாதுல்லா. நாப்பது நிமிஷமும் ஒரே ஓட்டம்."

"அப்ப பத்தரை மணிச் சைரன் எங்க?"

லிங்கராஜ் தாளுக்குக் கை நீட்டினான். "எழுத மறந்திருப்பேன்."

"நீங்க மறக்கலாம், வாட்ச் மறக்குமா? நாப்பது நிமிஷமும் உரிச்ச கணக்காத்தான் நிறைஞ்சிருக்கு. பத்தரைக்கு எல்லாரும் தொட்டியில கைய முக்கிட்டு நின்னாவ. அப்ப யாரு உரிச்சா, உங்க ஆச்சியா?"

மேனேஜரிடம் திரும்பினாள். "இவரு இங்கன நிக்கவே இல்ல சார். ஏசி ரூம்ல உக்காந்து எழுதுன தாளு இது. சீனித்தாயக்கா உங்ககிட்ட சொல்ல வந்ததும் இதைத்தான். என்னக்கா?"

முத்துமாரி தலையசைத்தாள்.

"அஞ்சு நிமிஷம் பயங்காட்டத்தான் கொண்டியப் போட்டேன் சார்..." லிங்கராஜின் குரல் உடைந்தது.

12.00. சைரன் அடித்தது. ஒருத்தியும் அசையவில்லை.

"கை முக்குங்க," என்றார் மேனேஜர், பழக்கத்தில்.

"மொதல்ல கதவைத் தொறங்க சார்," என்றாள் முத்துமாரி.