பொட்டலம் எதற்குக் குரைத்தது?

வாயாடியின் வீட்டில் பேச்சு ஓய்வதே இல்லை. காலையில் பல் தேய்க்கும்போது தொடங்கினால், இரவில் போர்வைக்குள் புகுந்த பிறகும் தொடரும். பேசுவது முழுக்க அவள் ஒருத்திதான். பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவளுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. ஆனால் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், பத்து வயது வாயாடிக்கே யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாது.

அந்த வீட்டில் வாயே திறக்காத ஆள் ஒன்று உண்டென்றால், அது பொட்டலம்தான். பொட்டலம் ஒரு பழுப்பு நாய். இரண்டு வருடத்துக்கு முன்னால் மழையில் நனைந்த அட்டைப்பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது. அம்மா பெட்டியோடு தூக்கி வந்தார். பெட்டியைப் பிரித்துப் பார்த்ததும் வாயாடி வைத்த பெயர் அது. பொட்டலம் அவ்வளவு சாது. அதற்குக் குரைக்கத் தெரியுமா என்றே பக்கத்து வீடுகளில் சந்தேகப்பட்டார்கள்.

ஆனால் கடந்த ஒரு மாதமாக அது போட்ட சத்தத்தில் ஐந்தாம் மாடியே அதிர்ந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை, குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் மாமா வாசலில் வந்து நின்றார். அவர் கையில் ஒரு தாள் இருந்தது.

"உள்ள வாங்க, காபி சாப்பிடுங்க" என்றார் அம்மா.

"காபி இருக்கட்டும்மா. உங்களுக்குக் கீழ் வீட்டு நர்ஸ் குடுத்திருக்காங்க. படிச்சுப் பாருங்க."

தாள் முழுக்க நேரம் குறித்திருந்தது. எட்டு நாற்பது. எட்டு நாற்பத்தொன்று. ஒன்பது ஐந்து. ஒன்பது பத்து. இப்படியே பின்பக்கம் வரைக்கும் போனது. பொட்டலம் குரைத்த நேரமெல்லாம் ஒன்று விடாமல் அதில் இருந்தது.

"அந்தப் பொண்ணு ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில கண் முழிக்குது. பகல்லதான் தூங்கணும். சேர்ந்தாப்புல ஒரு மணி நேரம்கூட தூங்க முடியலையாம்" என்றார் செயலாளர் மாமா. "மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்கு. இன்னும் பதினஞ்சு நாள். அதுக்குள்ள நாய் அடங்கலன்னா நீங்க வேற இடம்தான் பாக்கணும்."

அவர் போன பிறகு அப்பா தலையைச் சொறிந்தார். அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் தலையைச் சொறிவார்.

"என் சிநேகிதர் கிடங்குல காவலுக்கு ஒரு நாய் வேணும்னு கேட்டுக்கிட்டு இருக்கார்..." என்று இழுத்தார்.

"அங்க சங்கிலியில கட்டிப் போடுவாங்களா?" என்று கேட்டாள் வாயாடி.

அப்பா மறுபடியும் தலையைச் சொறிந்தார். அதுதான் பதில்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது வாயாடி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அம்மா பதறிப்போய் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. வருத்தம்தான்.

மறுநாள் பொட்டலத்தைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா அதன் காது, பல், நகம், வயிறு எல்லாவற்றையும் பார்த்தார். ஊசி போட்ட அட்டையையும் பார்த்தார்.

"நோய் ஒண்ணும் இல்ல. தடுப்பூசியெல்லாம் ஒழுங்கா போட்டிருக்கீங்க. ஆனா ஒரே மாசத்துல ரெண்டு கிலோ ஏறியிருக்கே! யாரு பிஸ்கட் போடறது?"

அம்மா வாயாடியைப் பார்த்தார்.

"சத்தியமா நான் இல்லம்மா! நான் சாப்பிடற பிஸ்கட்டே எனக்குப் பத்தல!"

அப்பா சுவரில் மாட்டியிருந்த நாய்ப்பல் படத்தை, நாளைக்குப் பரீட்சை இருப்பதுபோலப் படித்துக்கொண்டிருந்தார்.

"இனிப்பு பிஸ்கட் நாய்க்கு ஆகாது. தினமும் நல்லா நடக்கவைங்க" என்றார் டாக்டரம்மா. "அப்புறம், எந்த நாயும் சும்மா குரைக்காது. அதுக்கு ஒரு காரணம் இருக்கும். அது வந்து சொல்லாது. நாமதான் பாத்துத் தெரிஞ்சுக்கணும்."

பார்ப்பது என்று வாயாடி முடிவு செய்துவிட்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விடுமுறை. அம்மாவும் வேலைக்கு லீவு போட்டிருந்தார். வாயாடி நோட்டுப் புத்தகத்தோடு திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பேசக் கூடாது, தும்மக் கூடாது. அது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

பொட்டலம் கூடத்தின் நடுவில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று அதன் காது இரண்டும் விறைத்தன. துள்ளி எழுந்து வாசல் கதவுக்கு ஓடியது. லொள் லொள் என்று நான்கு குரைப்பு. பிறகு தரையை மோந்து பார்த்தது. கதவு இடுக்கில் நாக்கை விட்டுத் துழாவியது. ஒன்றும் கிடைக்கவில்லை. தொங்கிய முகத்தோடு திரும்பி வந்து படுத்தது.

'யாரோ வந்ததுக்குக் குரைக்கல. எதையோ தேடுது!' என்று நோட்டில் எழுதினாள் வாயாடி.

சற்று நேரத்தில் காது மறுபடி விறைத்தது. இந்த முறை வாயாடி அதற்கு முன்னால் ஓடிக் கதவைத் திறந்தாள். வெளியே யாருமே இல்லை. லிஃப்ட் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது. 'டிங்' என்று ஆறாம் மாடியில் மெல்லிய மணியோசை கேட்டது.

பொட்டலம் குரைத்தது.

கதவைச் சாத்திவிட்டு வாயாடி நன்றாகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வீட்டுக்குள் இருந்தால் மணியோசை அவளுக்குக் கேட்கவே இல்லை. பொட்டலத்தின் காதுக்கு மட்டும் கேட்டது. ஒவ்வொரு டிங்குக்கும் ஓடியது, குரைத்தது, தரையைத் தேடியது.

மாலையில் அப்பா வேலையிலிருந்து வந்தார். அவர் லிஃப்டிலிருந்து இறங்குவதற்குள் பொட்டலம் குரைக்க ஆரம்பித்துவிட்டது.

"அப்பா வர்றது இதுக்கு எப்படித்தான் தெரியுதோ! என்ன பாசம்!" என்றார் அம்மா, சமையலறையிலிருந்து.

கதவு திறந்தது. அப்பா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு சட்டைப் பைக்குள் கையை விட்டார். ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தரையில் போட்டார்.

"பிடிச்சுட்டேன்!" என்று செருப்பு அலமாரிக்குப் பின்னாலிருந்து குதித்தாள் வாயாடி.

அப்பா கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

"இல்ல கண்ணு... அது அவ்வளவு ஆசையா கூப்பிடுது. ஒண்ணே ஒண்ணுதான் தினமும்..."

"எப்போலேருந்து?"

அப்பா தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார். போன மாதம் இந்தக் கட்டட லிஃப்டுக்கு மணி மாட்டினாரே, அப்போது பொட்டலமும் கூடவே இருந்ததாம். மணி சரியாக அடிக்கிறதா என்று ரெண்டு நாள் சோதித்துப் பார்த்தாராம். டிங் என்றதும் பொட்டலம் காதைத் தூக்கியது வேடிக்கையாக இருந்ததாம். அதனால் ஒவ்வொரு டிங்குக்கும் ஒரு துண்டு பிஸ்கட்.

"எத்தனை டிங்?" அம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

"ஒரு... நூறு இருக்கும்."

"அப்பா! நீங்க லிஃப்டுக்கா மணி மாட்டினீங்க? பொட்டலத்துக்குச் சாப்பாட்டு மணி மாட்டியிருக்கீங்க!" என்றாள் வாயாடி. "மணி அடிச்சா பிஸ்கட் வரும்னு அது காத்துக்கிட்டு இருக்கு. நாள் முழுக்க மணி அடிக்குது. பிஸ்கட் மட்டும் வரல. நானா இருந்தா கதவையே கடிச்சிருப்பேன்!"

அப்பா உடனே பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். "இதோ, மணியைக் கழட்டிடறேன். ரெண்டு நிமிஷ வேலை."

"வேணாம்ப்பா!" என்றாள் வாயாடி. "பாட்டு சார்?"

ஸ்க்ரூடிரைவர் அப்படியே நின்றது.

ஆறாம் மாடிப் பாட்டு சாருக்குக் கண் தெரியாது. அவர் கேட்டுக்கொண்டதால்தான் அப்பா அந்த மணியையே மாட்டினார். லிஃப்ட் ஒவ்வொரு மாடியைத் தாண்டும்போதும் ஒரு டிங். ஆறு டிங் எண்ணி அவர் இறங்கிக்கொள்வார். மணி இல்லாத காலத்தில் ஒருமுறை ஏழாம் மாடியில் இறங்கி, அடுத்தவர் வீட்டுப் பூட்டோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டினார்.

"மணியும் இருக்கணும், பொட்டலமும் இருக்கணும், நர்ஸ் அக்காவும் தூங்கணும்" என்றாள் வாயாடி. "மணிக்கும் பிஸ்கட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு பொட்டலத்துக்குப் புரியவைக்கணும். அவ்வளவுதான்."

"எப்படி?"

"நூறு டிங்ல கத்துக்கிச்சு. இருநூறு டிங் அடிச்சு ஒண்ணுமே குடுக்கலன்னா மறந்துடும்."

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. வாயாடி ஒரு மாடி இறங்கிப்போய், நர்ஸ் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

நர்ஸ் அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கண்ணைச் சுற்றிக் கறுப்பு வட்டம். வாயாடியைப் பார்த்ததும் முகம் இறுகியது.

வாயாடி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். மணி, பிஸ்கட், பாட்டு சார், கிடங்கு, சங்கிலி. சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, நீங்க எப்போலேருந்து எப்போ வரைக்கும் தூங்குவீங்க? பாடம் சொல்லித்தரும்போது முதல்ல இன்னும் அதிகமாத்தான் குரைக்கும். நீங்க முழிச்சிருக்கும்போது மட்டும் சொல்லித்தரேன்."

நர்ஸ் அக்கா அவளையே பார்த்தார்.

"நான் எப்போ தூங்குவேன்னு இந்தக் கட்டடத்துல இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "எட்டரைக்குப் படுப்பேன். மூணரைக்கு எழுந்துக்கணும்" என்றார்.

அடுத்த நாள் நான்கு மணிக்கு, மணியோசை எல்லோருக்கும் கேட்கும்படி வாசல் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடங்கினார்கள். பாட்டு சார் லிஃப்டில் ஏறிக்கொண்டு மேலும் கீழும் போய்வந்தார். "நம்ம மணியால வந்த வினை, நாமதான் தீக்கணும்" என்றார் அவர். ஒவ்வொரு டிங்குக்கும் ஒரு பாட்டையும் இழுத்துவிட்டார்.

விதி ஒன்றே ஒன்றுதான். டிங் கேட்டால் யாரும் பொட்டலத்தைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, எதுவும் கொடுக்கக் கூடாது. அது அமைதியாகப் படுத்திருந்தால் மட்டும் மெல்லத் தடவிக் கொடுக்கலாம்.

முதல் நாள் பொட்டலம் தொண்டை கட்டும் வரை குரைத்தது. இரண்டாம் நாள் அதைவிட அதிகம். சத்தம் போதவில்லை போலிருக்கிறது, அதனால்தான் பிஸ்கட் வரவில்லை என்று நினைத்ததோ என்னவோ.

"ஐயோ பாவம், பார்க்கவே முடியல" என்று அப்பாவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பைக்குள் நுழைய முடியவில்லை. அம்மா அதைக் காலையிலேயே ஊசி நூலால் தைத்துவிட்டிருந்தார்.

பிஸ்கட் போட்டவர்தான் நடக்கவைக்க வேண்டும் என்றும் அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டார். தினமும் காலை ஆறு மணிக்கு அப்பா கொட்டாவி விட்டுக்கொண்டே பொட்டலத்தோடு தெருவைச் சுற்றிவந்தார். பள்ளிக்குக் கிளம்புமுன் வாயாடி ஒரு பழைய துண்டில் பொட்டலத்தின் காலை உணவைச் சுருட்டி, ஐந்தாறு முடிச்சுப் போட்டு வைத்தாள். முடிச்சு முடிச்சாக அவிழ்த்துத் தின்று முடிக்கவே அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. தின்று முடித்தால் அசதி, அசதியில் தூக்கம்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் வாயாடிக்குத்தான். பாட நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமே! பேச்சு தொண்டை வரைக்கும் வரும்போதெல்லாம் தலையணையைக் கடித்துக்கொண்டாள்.

ஏழாம் நாள் மாலை. டிங். பொட்டலத்தின் காது நிமிர்ந்தது. சுற்றிப் பார்த்தது. அப்பா செய்தித்தாள் படித்தார், அம்மா துணி மடித்தார், வாயாடி தலையணையைக் கடித்தாள். பொட்டலம் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தது.

வாயாடிக்கு அழுகையே வந்துவிட்டது. சத்தம் போடாமல் அதன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

ஆனாலும் ஒரு பயம் இருந்தது. பகலில் வீட்டில் யாரும் இல்லாதபோது பொட்டலம் என்ன செய்கிறது? அதை நர்ஸ் அக்காவால்தான் சொல்ல முடியும். அவரோ அந்த வாரம் முழுக்க கண்ணிலேயே படவில்லை.

மாதக் கடைசி ஞாயிறு வந்தது. கீழ்த்தளக் கூடத்தில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம். வாயாடி பொட்டலத்தையும் கூட்டிப்போய்த் தன் நாற்காலிக்கு அடியில் படுக்கவைத்தாள். அவள் கை கழுத்துப்பட்டையை விடவே இல்லை.

தண்ணீர்த் தொட்டி, குப்பைத் தொட்டி எல்லாம் பேசி முடித்து, செயலாளர் மாமா கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

"அடுத்தது நாய் விஷயம். புகார் குடுத்தவங்க வரலையே? அவங்க வந்து சொன்னாத்தான் ஏதாவது முடிவு பண்ண முடியும்."

அப்போது கூடத்துக்கு வெளியே லிஃப்ட் வந்து நின்றது. நர்ஸ் அக்கா ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தார். தலைமுடி கலைந்திருந்தது. கன்னத்தில் தலையணையின் மடிப்பு பதிந்திருந்தது.

வாயாடி கழுத்துப்பட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு அனுப்பச் சொன்னது?" என்று செயலாளர் மாமாவிடம் பாய்ந்தார் நர்ஸ் அக்கா. "கூட்டம் நடக்கறதுக்குள்ள என்ன அவசரம்?"

"எதைம்மா?" என்று விழித்தார் அவர்.

"நாயைத்தான்! நாலு நாளா நானும் காதைக் குடுத்துக் கேக்கறேன், ஒரு சத்தமும் இல்ல. நல்லாத் தூங்கிட்டு இன்னிக்குக் கூட்டத்துக்கு எழுந்ததும்தான் உறைச்சுது, கிடங்குக்கு அனுப்பிட்டீங்க! அந்தப் பொண்ணு என்னை வந்து கேட்டுட்டுப் பாடம் சொல்லிக் குடுத்துச்சு, தெரியுமா? முதல்ல நாயைக் கூட்டிட்டு வாங்க. இல்லன்னா உங்க மேல புகார் எழுதுவேன்!"

வாயாடிக்கே பேச்சு வரவில்லை. அவள் நாற்காலிக்கு அடியில் விரலை நீட்டிக் காட்டினாள்.

நர்ஸ் அக்கா குனிந்து பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். பாட்டு சார் சிரித்தார், செயலாளர் மாமாவும் சிரித்துக்கொண்டே கூட்டத் தாளில் 'நாய் விஷயம்' என்ற வரியை அடித்துவிட்டார்.

இவ்வளவு சிரிப்புக்கு நடுவில் பொட்டலம் ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து, யார் இப்படித் தூக்கத்தைக் கெடுப்பது என்று பார்த்தது. நகர்ந்து போய் நர்ஸ் அக்காவின் மடியில் தலையை வைத்து மறுபடியும் தூங்கிவிட்டது.